அக்கா உடுத்தாத உடுப்பு

அக்காவின் முதுகை வரிசையாகக் கடித்துக்கொண்டிருந்த கிளிப்புகள்தாம் முதலில் நினைவுக்கு வருகின்றன. பிரெஞ்சு பேசும் வெளிநாட்டு நகரொன்றின் புறநகரான புவாண்ட்-கிளேரில், இணையத்தில் பெண்கள் உடுப்பு விற்கும் சிறு நிறுவனமொன்றில் நான் படங்களுக்குப் பொறுப்பாக இருந்தேன். உறவில்லாவிட்டாலும் நான் அக்கா என்றே கூப்பிட்ட அவர் மன்னாரிலிருந்து வந்தவர்; அங்கே பொதி கட்டும் வேலைக்குச் சேர்ந்து, படத்துக்கேற்ற முகம் வாய்த்ததால் கமராவின் முன் நிற்பவரானார். மெலிந்த உடம்பு, எந்த உடுப்பும் தொளதொளக்கும். பின்னால் இழுத்துக் கிளிப் போடுவேன். “முன்னுக்கு மகாராணி, பின்னுக்கு உடுப்புக் காயப்போடுற கொடி. கெதியா எடு பிள்ளை, மூச்சு முட்டுது” என்று சிரிப்பார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: முதுகு தெரியும் உடுப்பை அணியமாட்டார். ஞாயிறுதோறும் தமிழ்ப் பங்குத் தேவாலயத்தில் வேதவாசகம் வாசிப்பவர் அவர்.

நிறுவனம் செயற்கை நுண்ணறிவால் படங்களை உருவாக்க முடிவுசெய்தபோது, பிரெஞ்சு மொழியில் ஒரு சம்மதப் படிவத்தை அக்காவிடம் நீட்டினார்கள். “என்ன எழுதியிருக்கு?” என்று என்னைக் கேட்டார். நான் பிரெஞ்சில் படித்துப் பட்டம் பெற்றவள். முதற்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, “எடுத்த படங்களைப் பாவிக்கிறதுக்குத்தான் அக்கா” என்றேன். “நீ சொன்னால் சரி” என்று கையெழுத்திட்டார். அவர் முகத்தை எந்த உடலிலும் பொருத்தலாம் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது.

மறுமாதமே அவருக்கு வேலை போயிற்று. கோடைக்கால உடுப்புகளுக்கான கட்டளைகளை இயந்திரத்துக்கு எழுதியவள் நானே. முதுகு திறந்த சட்டையில், அரைவாசி திரும்பிப் புன்னகைக்கும் அக்கா திரையில் வந்தார். அவருடைய நிபந்தனை எனக்கு மறக்கவில்லை. இது அவர் உடல் அல்லவே என்று எனக்கு நானே நியாயம் சொல்லி, படத்தை விற்பனைப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பங்கு மக்களிடையே அந்தப் படம் கைபேசிக்குக் கைபேசி போனது. அது இயந்திரம் செய்த உடல் என்று வீடு வீடாகச் சொன்னேன். “முகம் அவவின்ரதானே?” என்றார்கள். படத்தை நீக்கச் சொன்னபோது, நிறுவனம் கையெழுத்தைக் காட்டியது.

மன்னிப்புக் கேட்கக் கர்க்லாண்டிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். வாசகம் வாசிப்போர் பட்டியலிலிருந்து தன் பெயரைத் தானே எடுத்துவிட்டதாகச் சொன்னார். “நான் உடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. ஆனா அந்த முதுகு என்ர இல்லையெண்டு சொல்லுறதுக்கு, என்ர முதுகையெல்லோ காட்டவேணும்?”

அந்தப் படம் இன்றும் விற்பனைப் பக்கத்தில் இருக்கிறது. அக்கா இப்போது ஆற்றைக் கடந்து, லொங்கேயில் பிரெஞ்சுப் பூசைக்குப் போகிறார். அங்கே சொல்வதில் அரைவாசியும் அவருக்கு விளங்காது. அவரையும் அங்கே ஒருவருக்கும் தெரியாது.