சங்கக் கூரைக்கு வெளியே

சுரங்கம் வெட்டத் தொடங்கியிருந்த காலத்தில், நெய்வேலிக் கடைக்காரர் சங்கத்தில் ஒரு செயலாளர் இருந்தார். ஒடிசலான உடம்பு, எப்போதும் கக்கத்தில் குடை. உறுப்பினர் அல்லாதவருக்கு அலுவலகத்தில் யோசனை சொல்லக்கூடாது என்பது சங்கத்தின் விதி. அப்படி யாராவது வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு அவரை வாசலுக்கு அழைத்துப் போய்விடுவார்.

ஒரு மழை நாளில், காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் விற்க வந்த பெண்ணுக்குக் குடை பிடித்தபடி, மார்க்கெட்டில் இடம் கேட்க யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முதுகெல்லாம் நனைந்திருந்தது.

சங்கத்தில் உறுப்பினராயிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "நாங்க சந்தா கட்டுறோம். இவங்களுக்கு மட்டும் சும்மாவாங்க?"

"உள்ள சொன்னாதாங்க அது சங்கத்தோடது. இங்க நனைஞ்சிகினு சொல்றது என்னோடதுங்க," என்றார்.

மறுவாரம் எனக்கே ஒரு சந்தேகம் வந்து அவரிடம் போனேன். உள்ளே நாற்காலி போட்டார்.

"வெளிய போய்ப் பேசலாங்களா?" என்றேன்.