தட்ட வேண்டிய இடத்தில் தள்ளியவர்

லீலண்ட் ப்ரூயட் முப்பத்தோரு வருடம் எங்கள் ஊர்ச் செம்புச் சுரங்கத்தில் பாறை லாரி ஓட்டியவர். என் அப்பாவும் அவரும் ஒரே லாரியை ஷிப்டு மாற்றி மாற்றி ஓட்டினார்கள். அப்பா தப்பித்தார். லீலண்டுக்குத் தூசி நுரையீரலில் இறங்கிவிட்டது. மூக்கில் குழாயும், பின்னால் சக்கரம் வைத்த ஆக்ஸிஜன் உருளையுமாக அவர் சூதாட்ட விடுதிக்கு வரும்போது, வாசலில் நிற்பவர்கள் சிகரெட்டை அவசரமாக மிதித்து அணைப்பார்கள்.

"என்ன அவசரம்? வெடிச்சா எல்லாரும் சேர்ந்தே போவோம். அங்கயும் ஒரு மேசை போட்டுக்கலாம்" என்பார்.

புதன்கிழமை போக்கர் போட்டியை இருபத்திரண்டு வருடத்தில் அவர் தவறவிட்டது மனைவி இறந்த வாரம் மட்டும்தான். அவருடைய ஆட்டம் எங்கள் எல்லோருக்கும் அத்துப்படி. நல்ல சீட்டு வரும்வரை கல்லாக உட்கார்ந்திருப்பார். வந்துவிட்டால் முன்னால் இருக்கும் பந்தய வில்லைகள் அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவே தள்ளிவிடுவார்.

"எதிராளி அடுத்த சீட்ட ஓசியில பாக்கக் கூடாதுய்யா. பாக்க விட்டா அவனுக்கு வேண்டியது வந்து தொலையும்" என்று எனக்கும் சொல்லியிருக்கிறார். புதன்கிழமைக்கு அது சரியான கணக்கு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான், கணக்கில் பட்டம் வாங்கி ஊர்ப் பள்ளிக்கே வாத்தியாராகத் திரும்பியவன். என் காகிதக் கணக்கும் அதையேதான் சொன்னது.

அந்த மார்ச் மாதம் நடந்தது வேறு போட்டி. லாஸ் வேகஸில் ஜூலையில் நடக்கும் பெரிய ஆட்டத்துக்கான தகுதிச் சுற்று. நாற்பது பேர் உட்கார்ந்தோம். கடைசியில் மிஞ்சும் ஐந்து பேருக்கு அங்கே ஆளுக்கு ஒரு நாற்காலி. முதலாவதாக வந்தாலும் ஐந்தாவதாக வந்தாலும் அதே நாற்காலிதான். பத்தாயிரம் டாலர் கட்டி அதை வாங்க லீலண்டின் ஓய்வூதியத்தால் முடியாது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவும் வழியில்லை. "அடுத்த மார்ச்சுக்கு எதையும் வச்சுக்காதீங்க" என்று நுரையீரல் மருத்துவர் சொல்லிவிட்டார். வேகஸின் அந்த ஹாலில் ஒரே ஒரு நாள் உட்கார வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

நான் ஒன்பதாவதாக வெளியேறினேன். நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டுக்கொண்டேன்.

"பட்டதாரி வந்துட்டாரு. தோக்கறது எப்படின்னு கத்துக் குடுங்க வாத்தியாரே" என்றார் லீலண்ட், திரும்பாமலே.

மாலை நான்கரைக்கு ஆறு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் போனால் போதும், மற்ற ஐவரும் வேகஸ். போக வேண்டியவர் யார் என்பதும் தெரிந்தே இருந்தது. கராஜ் வைத்திருக்கும் டெல்மர் ஸ்டோக்ஸிடம் எட்டாயிரம் வில்லைதான் மிச்சம். அடுத்தபடி குறைவு லீலண்ட், முப்பதாயிரம்.

டெல்மர் எட்டாயிரத்தையும் தள்ளினார். லீலண்ட் தன் இரண்டு சீட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கியபோது எனக்கும் தெரிந்தது: ஆஸ், ராஜா. அவரும் எட்டாயிரம் போட்டார். சலவைக் கடை நடீன் மலைபோல் வில்லை குவித்து வைத்திருந்தாள். அவளும் போட்டாள்.

இந்த மாதிரி நேரத்துக்கென்று மேசையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஒருவன் கடைசி வில்லையையும் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, எதிரே இருக்கும் இருவரும் தங்களுக்குள் பந்தயத்தை ஏற்றாமல் விரலால் மேசையைத் தட்டிவிட்டு இறுதிவரை போவார்கள். இருவர் கையில் ஏதாவது ஒன்று அவனை வீழ்த்தினால் போதும்.

எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டில் முதல் மூன்று நடுவே விழுந்தது. ராஜா, ஆறு, இரண்டு.

நடீன் மேசையைத் தட்டினாள்.

லீலண்டின் கை உடனே நகரவில்லை. உருளையின் வால்வு இரண்டு முறை சீறியது. அவர் விரல் மேசைக்குப் போகும் என்றே நினைத்தேன். இரண்டு கையும் ஒன்றாகப் போய், இருந்த இருபத்திரண்டாயிரத்தையும் நடுவே தள்ளின.

நடீன் அவரையே பார்த்தாள். "கிழவா, நெசமாத்தானா?"

"நெசமாத்தான்."

அவள் சீட்டைக் கவிழ்த்து எறிந்து விலகினாள். ஈடு போட ஆளில்லாததால், தள்ளிய வில்லைகள் லீலண்டிடமே திரும்பின. டெல்மர் தன்னுடையதைத் திறந்தார். இரண்டு ஒன்பது. ராஜா ஜோடி லீலண்டிடம் இருந்தது, அந்த நிமிடம் அவர்தான் மேலே. நான்காவது சீட்டு ஒன்பது. டெல்மருக்கு மூன்று ஒன்பது சேர்ந்து, ராஜா ஜோடியைத் தாண்டிவிட்டது. ஐந்தாவது பத்து.

"எங்கிட்ட ராணியும் ஜாக்கியும்யா. ஒன்பதுல இருந்து ராஜா வரைக்கும் வரிசையா வந்திருக்கும். டெல்மர் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான். நாமெல்லாம் பேர் எழுதிக் குடுத்திட்டிருப்போம்" என்றாள் நடீன்.

"உன்ன யாரும் கேக்கல" என்றார் டெல்மர்.

"நான் உன்னச் சொல்லல. அந்தாளத்தான் சொல்றேன். ஏன்யா தள்ளின?"

லீலண்ட் திரும்பி வந்த வில்லைகளை அடுக்கினார். டெல்மரிடம் இப்போது இருபத்தாறாயிரம், அவரிடம் இருபத்திரண்டு. மேசையிலேயே குறைவு அவர்தான்.

அதன்பின் பதினோரு ஆட்டம். முறை வரும்போது சீட்டைப் பார்க்கும் முன்பே போட வேண்டிய கட்டாயப் பந்தயம் சுற்றிச் சுற்றி வந்து அவரைக் கரைத்தது. எட்டுகள் ஜோடியாக வந்தபோது கையில் பதினாறாயிரம் இருந்தது. அப்போது தள்ளியிருந்தால் பயந்து விலக ஆள் இருந்தது. முந்தைய அடியில் கை கூசிப்போய், அந்த ஜோடியைக் கவிழ்த்துப் போட்டார். நாலாயிரம் மிஞ்சிய பிறகு ஆஸை வைத்துக்கொண்டு தள்ளினார். அதற்கு யார் பயப்படுவார்கள்? நடீன் தன் சீட்டைக்கூடப் பார்க்காமல் வில்லையைப் போட்டாள். அவளிடம் இருந்தது ஏழும் மூன்றும். நடுவே ஏழு விழுந்தது.

மிஞ்சிய ஐந்து பேரும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். டெல்மர் லீலண்டின் தோளைத் தொட்டு ஏதோ சொல்ல வந்தார்.

"போடா, போய்ப் பேர எழுது. ஸ்பெல்லிங்கயாவது சரியா எழுது" என்றார் லீலண்ட்.

என் வண்டியில் திரும்பினோம். பள்ளத்தாக்குச் சாலையில் வெகுதூரம் வந்த பிறகுதான் கேட்டார்.

"வாத்தியாரே, கணக்கு என்ன சொல்லுது?"

"தட்டியிருக்கணும்."

"ம்."

"இன்னிக்கு வில்ல சேக்கறதுல அர்த்தமே இல்ல. டெல்மர் போனா போதும். நடீன் கை ஒசந்தாலும் உங்களுக்குத்தான் நல்லது."

"தெரியும்யா. தள்ளும்போதே தெரியும். ராஜாவப் பாத்ததும் கை போயிடுச்சு." மூச்சுக்காக நிறுத்தினார். "இருபத்திரண்டு வருஷமா அதுக்கு வேற ஒன்னும் சொல்லிக் குடுக்கலியே."

மருத்துவர் சொன்ன கணக்கு ஓரளவு சரிதான். லீலண்ட் டிசம்பரில் இறந்தார். ஆனால் ஜூலை முழுவதும் இருந்தார், வண்டியில் உட்கார்ந்து வேகஸ் வரை வரும் அளவுக்குத் தெம்பாகவே இருந்தார். பெரிய ஆட்டம் தொடங்கிய நாள் நான் அவர் டிரெய்லர் வீட்டுக்குப் போனேன். மேசைமேல் சூப் ஆறிக் கிடந்தது.

"மணி என்ன?" என்றார்.

"பன்னெண்டு."

"சீட்டுப் போட ஆரம்பிச்சிருப்பாங்க" என்றார்.