சுறா எண்ணெயும் மகளின் முதல் மூச்சும்

எழுபதுகளின் கடைசியில் நான் சங்கு குளித்துக்கொண்டிருந்தேன். கடலுக்கடியில் மூச்சை அடக்குவேன். கரையில் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கத்தான் வராது.

என் மனைவிக்கு எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வலி கண்டுவிட்டது. தருவைகுளத்திலிருந்து பஸ்ஸில் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பிள்ளைக்கு நுரையீரல் இன்னும் பக்குவப்படல. உள்ள சின்னச் சின்னக் காத்துப்பை இருக்கும். அது சுருங்கி ஒட்டிக்கிடாம இருக்க ஒரு கொழுப்புப் பூச்சு வேணும். அந்தப் பூச்சு ஊறவும் வலி அடங்கவும் ஊசி போட்டிருக்கேன். ரெண்டு நாள் பிள்ளை வயித்துக்குள்ளேயே தாங்கணும்."

தலையாட்டினேன். கொழுப்பு என்ற ஒன்றுதான் மனதில் நின்றது. எங்கள் ஊரில் வள்ளத்தின் மரப்பலகைக்குப் பூசுவதும் சுறா ஈரல் எண்ணெய்தான், நெஞ்சுக் கோளாறுக்குக் குடிப்பதும் அதுதான். மறுநாள் காலை ஒரு பாட்டில் கொண்டுவந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து அவளுக்கு இரண்டு கரண்டி கொடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வாந்தி. அடங்கியிருந்த வலியும் திரும்பிவிட்டது.

நர்ஸ் சிஸ்டர் நாற்றத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"என்னவே இது? வள்ளத்துக்கா எண்ணெய் பூசுதீரு?"

"விட்டா ரெண்டு கோட்டு பூசிருப்பாக, சிஸ்டர்" என்றாள் என் மனைவி, அந்த வலியிலும்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். வலி மெல்ல அடங்கியது. அவர் திட்டவில்லை.

"நீங்க ஊத்துற எண்ணெய் அப்படியே பிள்ளை நெஞ்சுக்குப் போவாது. தாய் தின்னுறது சத்தாகி ரத்தத்துல போகும். அதுல இருந்து சர்க்கரை, கொழுப்புன்னு வேணுங்கறத எடுத்து, பிள்ளையோட நுரையீரலே அந்தப் பூச்சைச் செஞ்சுக்கிடும். அவளைச் சோறு தின்னு படுக்க விடுங்க, போதும்."

"பூச்சு இல்லன்னா ஏன்ம்மா ஒட்டுது?" என் வாயிலிருந்து கேள்வி வந்ததில் எனக்கே ஆச்சரியம்.

"உள்ள ஈரம்லா. தண்ணி தன்னைத்தானே இழுத்துப் பையைச் சுருக்கும். பூச்சு இருந்தா அந்த இழுப்பு தளர்ந்துரும்."

அது எனக்குப் பிடிபட்டது. மேலே சிற்றலை அடித்துக் கடலின் அடித்தரை தெரியாதபோது நாங்கள் நாலு சொட்டு எண்ணெய் தெளிப்போம், தண்ணீர் அடங்கிவிடும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மறுபடி வலி வந்தது. இந்த முறை நிற்கவில்லை. நான் பிரசவ அறைக்கு வெளியே நின்றேன். எப்போது மூச்சை அடக்கினேன் என்று தெரியாது. உள்ளே ஒரு சின்னக் குரல் அழுதது. நிற்காமல் அழுதது. அப்போதுதான் நானும் மூச்சை விட்டேன்.

பாட்டிலில் மீதி இருந்ததை அடுத்த வாரம் வள்ளத்துக்கே பூசினேன்.