ரவாங்கிலிருந்து செந்தூலுக்கு

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இது போன வருடம் செந்தூல் ஃபிளாட்டில் புனிதாவுக்கு நடந்தது. அந்தக் கம்ப்யூட்டரை நானே கண்ணால் பார்த்தேன்.

புனிதாவின் கணவன் முகுந்தன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். தினமும் ரயிலில்தான் போய்வருவான். ஒருநாள் வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன், எழவே இல்லை. கருமாதியும் முடிந்தது. புனிதா ஒரு சொட்டுகூட அழவில்லை. மரத்துப்போயிருந்தாள். மிச்சமிருந்தது எஸ்.பி.எம். பரீட்சை எழுதப்போகும் மகள் ஷாமினி ஒருத்திதான். அவளும் கையைவிட்டுப் போய்விடக் கூடாது, அது ஒன்றுதான் புனிதாவின் பயம்.

ஹாலில் இருந்த கம்ப்யூட்டர் இருவருக்கும் பொது. மகள் படிக்கிறாளா, விளையாடுகிறாளா என்று தெரிய வேண்டுமே. எந்த இணையப் பக்கம் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று காட்டும் செயலி ஒன்றை அதில் போட்டு வைத்தாள்.

விளையாட்டு எதுவும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு, ரயில் நேரம் பார்க்கும் பக்கம். இருபத்து நான்கு நிமிடம் திறந்திருந்தது. ரவாங்கிலிருந்து செந்தூலுக்கு.

செவ்வாய், அதே மூன்றரை. குவாங்கிலிருந்து செந்தூலுக்கு. ரவாங்குக்கு அடுத்த ஸ்டேஷன்.

புதன், இன்னும் கிட்டே, சுங்கை பூலோவிலிருந்து.

எவனோ ஒருவன் மகளைத் தேடி வருகிறான் என்றுதான் புனிதா நினைத்தாள். நேராகவே கேட்டாள்.

"அந்த நேரம் நான் டியூஷன்லமா. டீச்சரக் கேளுங்க லா."

நம்பவில்லை. வியாழக்கிழமை மௌஸையும் கீபோர்டையும் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். கிரில் கதவைப் பூட்டினாள். மகளின் சாவி, முகுந்தனின் சாவி, எல்லாமே அவள் பையில்தான்.

மாலையில் வந்து பார்த்தாள்.

மூன்றரை. கெப்போங்கிலிருந்து...

வெள்ளி, புத்ரா. அங்கே ரயில் மாறினால் அடுத்தது செந்தூல்.

அன்றிரவு எதிர்வீட்டு புஷ்பவல்லி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா மெதுவாகக் கேட்டார்.

"முகுந்தனோட பெட்டிய வேன்ல ஏத்தறப்போ நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

இல்லை. எதுவுமே ஞாபகமில்லை.

"தினமும் காலையில சொல்ற மாதிரியே சொன்ன புனிதா. 'போயிட்டு வாங்க'ன்னு. எல்லாருக்கும் கேட்டுச்சு. யாரும் வாயத் திறக்கல."

சாவு வீட்டுக்கு வந்தவர்களே சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் வழக்கம் நமக்கு. இவளோ, போகிறவனையே வரச்சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமை மூன்றரை. புனிதாவும் ஷாமினியும் வீட்டில்தான் இருந்தார்கள்.

அந்தப் பக்கம் திறக்கவே இல்லை.

புனிதா மகளின் தலையைத் தடவினாள். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். பிறகு எழுந்துபோய்க் கிரில் பூட்டைத் திறந்து வைத்தாள்.

"ஏம்மா தொறக்கறீங்க?"

"அப்பாகிட்ட சாவி இல்ல."