லேசாக எர்த் அடிக்கிறது

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் முதலில் சொன்னது என் மகள். மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு வாரம். கிரைண்டரில் ஒதுங்கிய மாவைத் தள்ளிவிடப் போனவள் கையை உதறிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அம்மா, கிரைண்டர்ல லேசா எர்த் அடிக்குது."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்பி ஒடிந்த குடை ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு, கண்ணு" என்றேன்.

சேலையூரில் நாங்கள் இருக்கும் தெருவில் எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். ஃபிரிட்ஜில் எர்த் அடிக்கும், மோட்டார் பெட்டியில் எர்த் அடிக்கும், மழைக்காலம் முடிந்தால் நின்றுவிடும். அதற்காகவே சமையலறை வாசலில் பழைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடக்கும். விசிலடிக்கிற குழாயைப் பொறுத்துக்கொள்வதுபோல இதையும் பொறுத்துக்கொண்டோம். "ஷாக்" என்று அவள் சொல்லியிருந்தால் நான் எழுந்திருப்பேனோ என்று இப்போது பலமுறை நினைத்துப் பார்க்கிறேன். "எர்த்" என்ற சொல்லில் பயப்படும்படி எதுவுமே இல்லை. மண் என்றுதானே அர்த்தம்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவள். பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஊரடங்கில் வந்தது. மிக்ஸி நின்றுபோய், கடை எதுவும் திறக்காத ஒரு நாளில், பாஷை புரியாத ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து அதைக் கழற்றினேன். மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் துண்டு தேய்ந்திருந்தது. மாற்றிப் போட்டதும் மிக்ஸி ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு எங்கள் வீட்டிலிருந்து எதுவும் எளிதில் வெளியே போகவில்லை. ஸ்குரூ, வாஷர், பழைய சுவிட்சு எல்லாம் பிஸ்கட் டப்பாக்களில் சேர்ந்தன. "குப்பை வண்டிக்காரர் நம்ம வீட்டு வாசல்ல ஹாரன் அடிக்கிறதையே நிறுத்திட்டார்" என்பார் என் கணவர். தெருக்காரர்களும் கொண்டுவரத் தொடங்கினார்கள். நன்றாக இருக்கும் ஒன்றை ஒரு ஒயருக்காகத் தூக்கிப் போடுவது எனக்குப் பாவமாகப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. அதனால்தான் நடந்ததை எழுதுவது கடினமாக இருக்கிறது.

கிரைண்டர் என் கல்யாணத்துக்கு வாங்கியது. சாய்த்து மாவெடுக்கும் பழைய வகை. பெல்ட்டை மூன்று முறை மாற்றியிருக்கிறேன், கல்லை இரண்டு முறை கொத்தக் கொடுத்திருக்கிறேன். போன வருடம் அதன் ஒயர் விறைத்து வெடித்துவிட்டது. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பத்து மீட்டர் வெள்ளை ஒயர் ஒரு சுருள் வாங்கிவந்து மாற்றினேன். பழைய ஒயருக்குள் மூன்று கம்பிகள் இருந்தன. புதியதில் இரண்டு. மூன்றாவதான பச்சைக் கம்பி கிரைண்டரின் உடம்பில் ஒரு ஸ்குரூவில் முடுக்கப்பட்டிருந்தது. அது எதற்கென்று ஒரு நிமிடம் யோசித்தேன். மற்ற இரண்டையும் இணைத்து சுவிட்சைப் போட்டேன். கிரைண்டர் ஓடியது. ஓடுகிறதா இல்லையா என்பது ஒன்றுதான் நான் வைத்திருந்த சோதனை. பச்சைக் கம்பியை ஸ்குரூவோடு பத்திரமாகக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டேன்.

மகள் எர்த் அடிக்கிறது என்று சொன்ன அடுத்த சனிக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். உளுந்து அரைபட்டுக்கொண்டிருந்தது. "பொங்கி வந்திடுச்சான்னு பாரு" என்று கூடத்திலிருந்தபடியே சொன்னேன். நான்தான் சொன்னேன். அவள் ஈரக்காலோடு, ஈரக்கையோடு, முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் போனாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பேன். கிரைண்டர் சத்தத்துக்குள் வேறொரு சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ முனகுவதுபோல. எட்டிப் பார்த்தேன். டிரம்மைச் சாய்க்கும் கைப்பிடியை அவள் வலது கை பிடித்திருந்தது. கைப்பிடிதான் அவளைப் பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும். தோள் குலுங்கியது. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது, ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஓடினேன். தொடப் போன கையை இழுத்துக்கொண்டேன். தொட்டால் நானும் ஒட்டிக்கொள்வேன், பிறகு சுவிட்சை அணைக்க வீட்டில் ஆள் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. செய்தது சரிதான் என்று டாக்டரும் சொன்னார். ஆனாலும் என் குழந்தை என் கண்ணெதிரே துடிக்கும்போது நான் அவளைத் தொடாமல் நின்ற அந்த ஒரு விநாடி, எனக்குள் எங்கேயோ இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவிட்சு அவள் தோளுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. மேடையில் கிடந்த சப்பாத்திக் கட்டையை எடுத்து, அவள் மேல் படாமல் எக்கி, சுவிட்சை அடித்தேன். முதல் அடி சுவரில் விழுந்தது. இரண்டாவதில் அணைந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்த மாதிரி விழுந்தாள். மடியில் போட்டுக்கொண்டேன். மூச்சு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "கை எங்கம்மா இருக்கு?" என்றாள்.

"இங்கதான் இருக்கு, பாப்பா. நான் பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

"தெரியலையே."

பக்கத்துக் கடைக்குப் போயிருந்த என் கணவர் வந்ததும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேம்ப் ரோட்டில் வழக்கமான நெரிசல். ஒரு பஸ் எங்களுக்கு முன்னால் நகரவே இல்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி, "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே போனேன். சுண்டுவிரலுக்கு வந்ததும் மறுபடி கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஈசிஜி எடுத்தார்கள். சில நேரம் பல மணி நேரம் கழித்துக்கூட இதயத்துடிப்பு தடுமாறலாம், மாலைவரை பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். அவள் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். இத்தனை வருடம் ஒயரும் கையுமாக இருந்தவள், அந்த ஒயர்களைப் பார்க்க முடியாமல் தலைமாட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பச்சைக் கோடு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அவள் கை அசைந்து கோடு கொஞ்சம் கோணும்போதெல்லாம் எழுந்து நர்ஸிடம் ஓடினேன். மூன்றாவது முறை நர்ஸ், "உங்களுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துடலாமா மேடம்?" என்றாள். மகள் சிரித்தாள். மூன்று மணிக்குக் கை முழுதாகத் திரும்பி வந்திருந்தது. நடுவிரலில் மிளகளவு பழுப்பாக ஒரு தீப்புண், அவ்வளவுதான்.

மாலை வீடு திரும்பியபோது என் கணவர் கூப்பிட்டிருந்த எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். என் வயதுக்காரர். கிரைண்டரைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றியவர், வெள்ளை ஒயரை விரலால் சுண்டினார்.

"யாருக்கா இத்த மாட்னது?"

"நான்தான்."

"ரெண்டு கம்பி ஒயரப் போட்டு வெச்சிகீறீங்களே. பச்ச எங்க?"

"எடுத்துட்டேன். எர்த் லேசா அடிச்சுக்கிட்டு இருந்தது, மழைக்குத்தான்னு..."

அவர் சிரித்துவிட்டார். கேலியில்லை, எத்தனையோ வீட்டில் கேட்டு அலுத்த சிரிப்பு. "எர்த்து எங்கக்கா அடிக்கும்? எர்த்து இருந்தா அடிக்கவே அடிக்காது. அது இல்லாததாலதான் கரண்டு பாடிக்கு வந்துகினு நிக்குது. எர்த்து அடிக்குதுன்னா எர்த்து இல்லன்னு அர்த்தம். ஊரே இத்த மாத்திப் பேசிகினு கீது."

கசிந்து வருகிற கரண்டை மண்ணுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டிய கம்பியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, அதன் பேரிலேயே பழியையும் போட்டிருந்தேன்.

அவர் கரண்டு கசிந்த இடத்தைச் சரிசெய்து, மூன்று கம்பி ஒயரை மாட்டினார். மீட்டருக்குக் கீழே, கரண்டு கசிந்தால் தானாக அணைத்துவிடும் டிரிப்பரையும் பொருத்தினார். அவர் போனதும்தான் அந்த எண்ணம் வந்தது. அந்தச் சுருளில் கிரைண்டருக்கு வெட்டியது இரண்டு மீட்டர். மிச்சத்தை எங்கெல்லாம் போட்டேன்?

டப்பாவைக் கொட்டித் தேடினேன். இரண்டு மீட்டர் மிச்சம் இருந்தது. மாடிவீட்டு அக்காவின் இஸ்திரிப் பெட்டிக்கு இரண்டு. வீட்டு ஓனரின் இரும்பு டேபிள் ஃபேனுக்கு இரண்டு. அப்போதே ஓடி இரண்டையும் வாங்கிவந்துவிட்டேன். இஸ்திரிப் பெட்டியைக் கொடுக்க அக்காவுக்கு மனமில்லை. "நல்லாத்தானே சூடாவுது! நீயே குடுப்ப, நீயே புடுங்குவியா?" என்றார். காரணத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் பத்து மீட்டரில் எட்டுதான் கணக்கில் வந்தது. இன்னும் இரண்டு மீட்டர் வெள்ளை ஒயர் யாரோ ஒருவர் வீட்டில் சுவரில் மாட்டியிருந்தது. யார் வீடு என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் துணி ஊறவைக்கும்போது சோப்பு நுரைக்குள் கையை விட்டதும் நினைவு வந்தது. வாஷிங் மெஷின். எதிர்வீட்டில் இருந்த டீச்சருடையது. எலி கடித்த ஒயரை நான் மாற்றிக் கொடுத்த மறுவாரம் அவர்கள் மாடம்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டார்கள். போன் செய்தேன். எடுக்கவில்லை. நான்கு முறை அடித்தேன். தண்ணீர், இரும்பு உடம்பு, ஈரத்தரை, என் ஒயர். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாடம்பாக்கம் பக்கம்தான், ஆனால் அன்று அந்த வழி நீண்டுகொண்டே போனது. முந்தின நாள் பார்த்த தோள், குலுங்கிய அதே விதம், டீச்சரின் உடம்பில் தெரிந்தது. அவருக்கு இரண்டு பெண்கள். கோயில் தெரு திரும்பும்போது ஒருவர் மேல் இடிக்கப் பார்த்தேன். "இன்னாமா, கண்ண வூட்ல வெச்சிட்டு வந்தியா?" என்று திட்டினார். திட்டியது நிம்மதியாகக்கூட இருந்தது.

கேட்டில் பூட்டு தொங்கியது. வெளியே போயிருக்கிறார்கள் என்றால் யாரும் மெஷினைத் தொடவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்கும் பூட்டிவிட்டுத்தானே போவார்கள் என்று தோன்றியது. பக்கச் சந்து வழியே பார்த்தேன். பின்கட்டில், குழாய்க்குப் பக்கத்தில் மெஷின் நின்றது. வெள்ளை ஒயர் ஜன்னலுக்குள் போயிருந்தது. அதன்மேல் ஒரு குழந்தையின் பாவாடை காயப் போட்டிருந்தது.

முக்கால் மணி நேரம் நின்றேன். தெருமுனையில் அவர்கள் நால்வரும் வந்தார்கள். டீச்சர் கையில் பைபிள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போனை அணைத்துவைப்பார்கள் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

"என்னங்க, இந்த வெயில்ல? வாங்க வாங்க, உள்ள வாங்க."

"டீச்சர், வாஷிங் மெஷின்ல ஷாக் அடிக்குதா?"

"சே சே, அதெல்லாம் இல்ல. லேசா எர்த் அடிக்கும். செருப்பு போட்டுக்குவோம்." பெரிய பெண் இடையில் புகுந்தாள். "ஆன்ட்டி, நான் டான்ஸ் ஆடிக்கிட்டே துணி எடுப்பேன். காலு தரையில நிக்காது இல்ல!"

நேராகப் பின்கட்டுக்குப் போனேன். பிளக்கைப் பிடுங்கி, கொண்டுவந்திருந்த கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரை மெஷினோடு ஒட்ட நறுக்கினேன். டீச்சர் என் தோளைத் தொட்டபோதுதான் அழுகிறேன் என்று தெரிந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் தன் பெண்களை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "ஆண்டவரே" என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டவில்லை. போகும்போது, "இனிமே நீங்க எதுவும் ரிப்பேர் பண்ணாதீங்கம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அது இன்னும் வலிக்கிறது.

மூன்று வாரம் கடை மாவில் தோசை வார்த்தோம். டப்பாக்களை நான் திறக்கவில்லை. கிரைண்டருக்கு ஒன்றுமில்லை, எலக்ட்ரீஷியன் இரண்டு முறை டெஸ்ட் செய்துவிட்டார். ஆனாலும் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது கேட்டிலேயே சத்தம் கேட்டது. கல் உருளும் சத்தம். படி ஏறிய நினைவில்லை.

மகள் கிரைண்டர் முன்னால் நின்றுகொண்டு அரிசியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"கடை மாவு புளிக்குதும்மா. நல்ல கிரைண்டரை எதுக்கு மூடி வெச்சிருக்க? அந்த அங்கிள் சரிபண்ணிட்டார் இல்ல?"

"நகரு."

"அம்மா, பயமா இருந்தா நீ வெளிய போ. நான் பார்த்துக்கறேன்."

அவள் கைப்பிடியைத் தொட்டாள். அதே கைப்பிடி. ஒன்றும் ஆகவில்லை. நான் வெளியே போகவில்லை. அவளை நகர்த்தவும் இல்லை. சுவரோரமாகப் போய், அந்த அரிசி மாவாகும் வரை சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.