எடை மெஷினுக்கு ஓர் இடம்

ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் எனக்குக் கை கால் எல்லாம் குடையும். கல்யாணமான கையோடு என்னை மாமனாரின் மாவு மில்லில் உட்கார வைத்துவிட்டார்கள். மேஜையில் உட்கார்ந்து அரைக்கிற கூலியை வாங்கிப் போட வேண்டும். மீசை, இமை, காதுக்குள் எல்லாம் மாவு. சாப்பிட்டால் மாவு, தும்மினால் மாவு. ச்சே, இது ஒரு பிழைப்பா என்று ஒரு நாள் எழுந்து வந்துவிட்டேன்.

மெட்ராஸ்காரர் ஒருவர் எடை பார்க்கும் மெஷின்களை ஊர் ஊராக வைத்துக்கொண்டிருந்தார். மேலே ஏறிக் காசு போட்டால் கலர் விளக்கு சுற்றும். சின்ன அட்டை ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். ஸ்ரீபெரும்புதூருக்கு ஒன்றை என் பொறுப்பில் விட்டார். “பொங்கலுக்குள்ள நல்ல எடமா பாத்து ஓட்டிக் காட்டு. இல்லன்னா எடுத்துனு போயிடுவேன்” என்றார். எடுத்துக்கொண்டு போனால் எனக்கு மறுபடியும் மில்தான். அந்த நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை.

கூட்டம் இருந்தால் போதும் என்று நினைத்து, முதலில் பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஓரம் வைத்தேன். பஸ்ஸுக்கு ஓடுகிறவன் எங்கே எடை பார்ப்பான்? தப்பித் தவறி ஒரு பெண் ஏறினாள். டீ குடித்துக்கொண்டிருந்த நாலு தடியன்கள் அட்டையை எட்டிப் பார்த்தான்கள். அவள் அட்டையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

மாட்டு வண்டி பிடித்து டென்ட் கொட்டகைக்குக் கொண்டு போனேன். அங்கே தரை முழுக்க மணல். ஆள் ஏறினால் மெஷின் சாய்ந்தது. நல்ல வாட்டசாட்டமான ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டு, “இன்னாபா, பாதி ஒடம்ப வூட்லயே வுட்டுட்டு வந்துட்டனா?” என்றார். மறுபடியும் வண்டி. பென்னலூர்ப் பக்கம் ஒரு சர்ச் திருவிழா. குழந்தையை எடை போட்டால் கண்ணு பட்டுவிடும் என்று தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு விலகிப் போனார்கள். வண்டிக்காரர் என்னைப் பார்த்தாலே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மார்கழி வந்துவிட்டது. “மில்லுலயே வையுங்களேன். டின்ன வரிசையில வச்சிட்டுப் பொம்பளைங்க சும்மாதான உக்காந்துகினு கீறாங்க” என்றாள் என் மனைவி. எங்கிருந்து ஓடி வந்தேனோ அங்கேயேவா என்று கத்தினேன். வேறு வழி? மாமனாரும் சரியென்றார். சிமென்ட் தரை, கரென்ட், எட்டிப் பார்க்கத் தடியன்கள் இல்லை.

முதலில் ஏறிய அம்மா அரிசி டின்னை இடுப்பிலேயே வைத்திருந்தார்.

“டின்ன கீழ வச்சிட்டு ஏறும்மா.”

“நீ சும்மா இரு தம்பி.”

அரைத்து முடித்ததும் மாவு டின்னோடு மறுபடி ஏறினார். இரண்டு அட்டைகளையும் சேர்த்துப் பிடித்து, “ஒரு கிலோ எங்க?” என்று மாமனாரைக் கேட்டார்.

“அரைச்சா மாவு பறக்கத்தான் செய்யும்.”

“ஒரு கிலோ பறக்குமா?”

அன்றைக்கு மில்லுக்கு வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அரைக்குமுன் ஒரு தடவை, அரைத்தபின் ஒரு தடவை ஏறினார்கள். விளக்கு நிற்கவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் மாமனார் பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். “என் மில்லுல வச்சே என்னத் திருடன்றீங்களா மாப்ள? நாளைக்கு இது இங்க இருக்கக் கூடாது.”

விஷயம் பரவி, அன்று இரவே இன்னொரு மில்காரர் வீடு தேடி வந்துவிட்டார். “எங்கிட்ட வையுங்க. எனக்கு ஒண்ணும் பயமில்ல” என்றார். அங்கே வைத்தால் நான் பிழைத்தேன். மாமனார் மில்லில் ஈ ஓட்ட வேண்டியதுதான். மனைவியிடம், “உங்கப்பா பாவம். நீ அங்க வைக்க வேணாம்னு சொல்லு, மெஷினத் திருப்பிக் குடுத்துட்டு மில்லுக்கே போயிடறேன்” என்றேன். அவள் எழுந்து போய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள்.

காலையில் வீட்டு அரிசியை டின்னில் கொட்டிக்கொண்டு என்னோடு மில்லுக்கு வந்தாள். அவளே பிளக்கைச் செருகி, டின்னோடு ஏறி, அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள். மாமனார் பின்பக்கம் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், இதைப் பார்க்கவில்லை. மகளைக் கண்டதும் வரிசையில் இருந்த டின்களைத் தள்ளிவிட்டு, அவள் அரிசியைத் தன் கையாலேயே அரைத்துக் கொடுத்தார். மாவு இறங்கும் துணிக்குழாயைக் கடைசியில் தட்டி உதற வேண்டும். அப்போதுதான் உள்ளே தங்கிய மாவு விழும்; இல்லாவிட்டால் அது மில்லுக்கு. அவர் தட்டவில்லை. அத்தனை வருஷத்துக் கைப்பழக்கம்.

அவள் மறுபடியும் ஏறினாள். இரண்டு அட்டைகளையும் அவர் மேஜைமேல் வைத்தாள்.

“நான் உன் பொண்ணுப்பா” என்றாள்.

மெஷினை அந்த இன்னொரு மில்லுக்கு ஏற்றிப் போக மாட்டு வண்டியை அவள்தான் கூப்பிட்டாள்.