மாமா கழற்றிய ஹீட்டர்

லண்டனில் எங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டின் பாத்ரூமில் ஒரு கதிரை போட இடமில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் மாமா. அந்த வீட்டில் பல வருடமாகக் குளித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை. அண்ணாவின் கல்யாணத்துக்கென்று பாரிசிலிருந்து ஒரு வாரம் முந்தியே வந்து இறங்கியவர், சப்பாத்தைக் கழற்றிய கையோடு மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

“குளிருக்குப் பூட்டின அந்தச் சுவர் ஹீட்டரைக் கழட்டினால்தான் கதிரை வைக்க ஏலும். மாப்பிள்ளை நடுவில இருக்க வேணும், நான் பின்னால நிண்டு வார்க்க வேணும்.”

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தோய வார்ப்பது தாய்மாமனின் உரிமை. அம்மாவுக்கு ஒரே தம்பி அவர். கல்யாணம் கட்டாதவர். அண்ணாவைத் தோளிலிருந்து இறக்காமல் வளர்த்தவர். அண்ணா பிறந்த அன்றைக்கே இந்தத் தண்ணீர் வார்ப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாராம். தை மாதக் குளிரில் தோட்டத்தில் இருத்தி வார்த்தால் மாப்பிள்ளை விறைத்துப்போவார் என்பதால் பாத்ரூம் என்று முடிவாகியிருந்தது.

“ஒரு ஆளைப் பிடிச்சுச் செய்விப்பமே” என்று அப்பா மெல்ல இழுத்தார்.

“என்ன அத்தான், பாரிசில எத்தினை வீட்டுக்குப் பைப் பூட்டினனான்!”

பூட்டியது உண்மைதான். ஆனால் அங்கே அவர் இருந்த மாடிக் கட்டிடத்தில் எல்லா வீட்டுக்கும் சூடு பொதுவாகக் கீழேயிருந்து வரும். குசினிச் சுவரில் வீட்டுக்கொரு பொயிலரை மாட்டிவைத்து, அது சுடவைக்கும் தண்ணீரை அறை ஹீட்டர்களுக்குள் ஓடவிட்டு, அதன் மனம் கோணாமல் நடந்துகொள்ளும் லண்டன் வாழ்க்கை அவருக்குப் பழக்கமில்லை. அதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வேலையைச் சுத்தமாகத்தான் செய்தார். ஹீட்டரைக் கழற்றிக் குழாய் வாய்களை மூடினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கதிரையைப் போட்டு என்னை இருத்தி, வெறும் செம்பால் ஒத்திகையும் பார்த்தார்.

மறுநாள் மேல்மாடி ஹீட்டர்கள் சில்லென்று கிடந்தன. “காத்து நிக்குது” என்று மாமா ஒரு சின்னச் சாவியால் ஒவ்வொன்றின் ஓரத்தையும் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது, பின்னாலேயே கறுப்பாகத் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம் சூடாகி மறுபடியும் ஆறிப்போயின. மறுபடியும் திருகினார். கல்யாணம் வரைக்கும் அந்த வீட்டில் இதுவே வேலையாக இருந்தது. ஒவ்வொரு திருகலுக்கும் பொயிலரில் தண்ணீரின் அழுத்தம் காட்டும் முள் ஒரு படி கீழே இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

கல்யாணத்தன்று காலையில் பொயிலர் அடியோடு நின்றுவிட்டது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் ஐஸாகக் கொட்டியது. வீடு நிறையச் சனம், பட்டுச் சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட்டோடு. அந்தக் குளிரிலும் மாமாவுக்கு வியர்த்தது. “ஏதோ ஒரு சாமான் பழுதாப்போச்சு. கடை திறந்திருக்கும், வாங்கிக்கொண்டு ஓடி வாறன். நான் வருமட்டும் பொறுங்கோ.”

மாமிமார் சோற்றுப் பானைகளில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள். தண்ணீர் தயாராகிவிட்டது, மாமாவைத்தான் காணவில்லை. அவருடைய போன் பாத்ரூம் கதிரையில் கிடந்து எங்களைப் பார்த்தது. அம்மா வாசலுக்கும் படிக்குமாக நடந்தார்.

“தம்பி வரட்டுமப்பா.”

“நல்ல நேரம் உன்ர தம்பிக்காக நிக்குமோ?” என்றார் அப்பா.

ஹரோவிலிருந்து வந்திருந்த, அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியைக் காட்டி, “இவரும் மாமன் முறைதானே” என்று யாரோ சொன்னார்கள். அண்ணாவைக் கடைசியாக எப்போது கண்டார் என்று அவருக்கே தெரிந்திராது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே போனார்.

மாமா மூச்சிரைக்க வந்து நுழைந்தபோது அண்ணா தலையைத் துவட்டிக்கொண்டு படியிறங்கினார். மாமாவின் கையில் ஒன்றுமில்லை. பழுது எதுவும் இல்லை, காற்றோடு சேர்த்து வெளியே விட்ட தண்ணீரைத் திரும்ப நிரப்பினால் போதும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அண்ணாவின் ஈரத் தலையை மாமா பார்த்தார். “தோய வார்த்தாச்சோ? சரி, சரி. நேரம்தானே முக்கியம்” என்றார். குசினிக்குள் போய்ப் பொயிலரின் அடியிலிருந்த சின்னத் திருகியைத் திருப்பினார். முள் ஏறியது. பொயிலர் உறுமிப் பற்றிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினோம், நான் துள்ளித் துள்ளித் தட்டினேன்.

மண்டபத்துக்கு வெளிக்கிடும்போது மாமா அசையவில்லை. “பொயிலரைப் பாக்க ஒரு ஆள் வேணும் அக்கா. பொம்பிளை மாப்பிள்ளை வரேக்க வீடு சூடா இருக்க வேணும். நீங்கள் போங்கோ.”

அப்பா ஒரு தடவை கூப்பிட்டார். இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். அண்ணா போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். எல்லோருக்கும் காரில் ஏறுகிற அவசரம். நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. அதற்குப் பிறகு மாமா லண்டனுக்கு வரவே இல்லை. நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் பாரிசுக்குப் போனது அவருடைய செத்தவீட்டுக்குத்தான்.

மண்டபத்தில், “தாய்மாமன் எங்கே?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். “மாமா பொயிலருக்குக் காவல் இருக்கிறார்!” அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சம்மணமிட்டு இருந்து கால் விறைத்துப்போன எனக்கு, சூடான வீட்டில் தனியாக இருக்கும் மாமாமேல் பொறாமையாகக்கூட இருந்தது. சரியாகிவிட்ட பொயிலருக்குக் காவல் எதற்கு என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.